வால்ஹைம்: பேஸை பிளெயின்ஸ் பக்கம் மாத்தணும், எதை எடுக்கிறது, எதை விடுறது?

மழைக்காடன்:

நாங்க நாலு பேர் வால்ஹைம்ங்கிற இந்த வைக்கிங் ஆட்டத்தை ஒரே சர்வர்ல ஆடுறோம். மலையில இருக்கிற டிராகன் பாஸ் மோடரை முடிச்சாச்சு. இப்போ வேணுங்கிறது எல்லாம் பிளெயின்ஸ்லதான் (சமவெளிப் பகுதி) இருக்கு: பார்லி, ஆளி, பிளாக் மெட்டல். எங்க பேஸோ ஆரம்பக் கல்வட்டத்துக்குப் பக்கத்துல, மெடோஸ்ல (ஆட்டம் தொடங்குற புல்வெளிப் பகுதி). முதல் ராத்திரி கட்டின குடிசையைச் சுத்தி ஒட்டு மேல ஒட்டாப் போட்டு இப்போ பெரிய மாளிகையா நிக்குது. செஸ்ட் எங்கே என்ன இருக்குன்னு எங்களுக்கே தெரியல.

பிளெயின்ஸ் கரையோரத்துக்கு முழுசா மாறிடலாம்னு ரெண்டு பேர் சொல்றாங்க. இங்கேயே இருந்துக்கிட்டு போர்ட்டல் (ஒரே அடியில தூர இடத்துக்குப் போற வாசல்) போட்டுப் போய் வரலாம்னு ஒருத்தர். நான் நடுவுல. நடுக் கடல் தாண்டணும், தரை வழி கிடையாது. இரும்பு, வெள்ளி, செம்புன்னு நிறைய சேர்த்து வச்சிருக்கோம், அது எதுவும் போர்ட்டல்ல போகாது. லாங்ஷிப்னு பெரிய பாய்க்கப்பல் ஒண்ணு இருக்கு. மொத்தத்தையும் பிரிச்சுட்டுப் போறதா, இல்ல வேற வழி இருக்கா?

---

சுக்கான்:

கப்பல் இருக்குல்ல, அப்புறம் என்ன கவலை. லாங்ஷிப்ல சரக்கு வைக்க 18 கட்டம். ஒரு கட்டத்துக்கு 30 இரும்பு வச்சா 540. அவ்வளவு இரும்பு உங்ககிட்ட இருந்தா நீங்க பேஸ் மாத்த வேண்டாம், ராஜ்ஜியமே நடத்தலாம். இன்னொரு விஷயம், கப்பலுக்குப் பாரம் கிடையாது. காலியாப் போனாலும் நிறைச்சுட்டுப் போனாலும் ஒரே வேகம். மாட்டு வண்டி மாதிரி இழுக்கிற அந்த கார்ட்தான் சரக்கு ஏற ஏற நகராது.

மோடரை முடிச்சாச்சுன்னு சொல்றீங்க, அப்போ காத்து உங்க கையில. அதை வென்றா கிடைக்கிற மோடர் சக்தி 5 நிமிஷம் பின்காத்து கொடுக்கும், திரும்ப எடுக்க 20 நிமிஷம் ஆகும். நாலு பேரும் அந்த சக்தியையே எடுத்துட்டு ஒரே கப்பல்ல ஏறுங்க. ஒருத்தருக்கு முடியும்போது அடுத்தவர் அழுத்தணும். நாலாமவருக்கு முடியும்போது முதலாமவருக்குத் தயாரா இருக்கும். சுக்கான் பிடிக்கிறவர்கிட்டதான் சக்தி இருக்கணும்னு இல்லை, கப்பல்ல யார்கிட்ட இருந்தாலும் பாய்க்குக் காத்து பின்னாடியிருந்துதான் வரும். எந்தத் திசைக்குப் போனாலும் துடுப்பு போடவே வேண்டாம்.

பகல்ல கிளம்புங்க. ராத்திரியிலும் புயல்லயும் கடல் பாம்பு வரும். சரக்கோட சண்டைக்கு நிக்காதீங்க, பாய் முழுசா விரிச்சு ஓடிடுங்க. பின்காத்து இருந்தா பாம்பு பின்தங்கிடும்.

முதல் பயணத்துல உலோகம் ஏத்தாதீங்க. போர்ட்டலுக்கான சாமான் மட்டும்: ஃபைன் வுட் 20, கிரேட்வார்ஃப் கண் 10, சர்ட்லிங் கோர் 2. கூட ஒரு வொர்க்பெஞ்சுக்கு 10 மரம். இறங்கின உடனே போர்ட்டல் நட்டுட்டா, செத்தாலும் பழைய பேஸ்ல எழுந்து ஒரு அடி வச்சு வந்துடலாம். இதைச் செய்யாம கரையில இறங்கினவங்க பட்ட பாட்டை இங்க எத்தனையோ இழையில படிச்சிருக்கோம்.

---

அரைத்தூக்கம்:

மாறாதீங்க. மாறினவன் எவனும் பழைய பேஸை முழுசா விட்டதில்லை. கடைசியில ரெண்டு பேஸையும் சேர்த்துப் பெருக்கணும்.

---

நெய்தல்:

அரைத்தூக்கம் சொல்றதுல பாதி சரி. முழுசா மாறணுமா வேண்டாமாங்கிறதை விட, எதெல்லாம் கப்பல் கேக்கும், எதெல்லாம் போர்ட்டல்லயே போயிடும்னு முதல்ல பிரிச்சுப் பாருங்க. பெரும்பாலானவங்க எல்லாத்தையும் கப்பல்ல ஏத்தணும்னு நினைச்சே மலைச்சுப் போயிடறாங்க.

ஸ்மெல்ட்டர் (தாது உருக்குற உலை), கரி சூளை ரெண்டும் கல்லும் சர்ட்லிங் கோரும் மட்டும்தான். பிரிச்சா போட்டது அத்தனையும் திரும்பக் கிடைக்கும், அப்படியே தூக்கிட்டு போர்ட்டல்ல நடந்துடலாம். காற்றாலைக்குக் கல், மரம், இரும்பு ஆணி. ஆணியை போர்ட்டல் தடுக்காது! நூற்பு ராட்டைக்கும் ஆணிதான். ஆர்டிசன் டேபிளுக்கு மரமும் டிராகன் கண்ணீரும், அதுவும் போகும். தேனீக்கூட்டைப் பிரிச்சா ராணித் தேனீ கையில வரும்.

தடுக்கிறது எதுன்னா, ஃபோர்ஜ் (ஆயுதம், கவசம் அடிக்கிற கொல்லுப்பட்டறை). அதுக்கு 6 செம்பு. அதைச் சுத்தி வைக்கிற மேம்பாட்டுச் சாமான்ல வெண்கலம், இரும்பு எல்லாம் இருக்கு. பிளாஸ்ட் ஃபர்னஸுக்கு 10 இரும்பு. கொப்பரைக்கு 10 தகரம். கல் வெட்டுற மேஜைக்கு 2 இரும்பு. ஃபெர்மென்டருக்கு 5 வெண்கலம், இதை எல்லாரும் மறந்துடுவாங்க. ரீஇன்ஃபோர்ஸ்டு செஸ்ட் ஒவ்வொண்ணுலயும் 2 இரும்பு இருக்கு, உங்ககிட்ட இருக்கிற செஸ்ட் எண்ணிக்கையைப் பார்த்தா அதுவே ஒரு சுரங்கம்.

இனி முக்கியமானது. சேர்த்து வச்சிருக்கிற இரும்பை ஏன் இரும்பாவே கொண்டு போகணும்? உங்க ஃபோர்ஜ் இப்போ எல்லா மேம்பாட்டோடயும் நிக்குது. அதைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி உக்காந்து கணக்குப் போடுங்க. கவசம், கேடயம், கோடாலி, பிக்காக்ஸ் எதெல்லாம் உயர்த்தணுமோ இங்கேயே உயர்த்திடுங்க. காற்றாலைக்கும் ராட்டைக்கும் அடுத்த கப்பலுக்கும் எவ்வளவு ஆணி வேணும்னு பார்த்து இங்கேயே அடிச்சுடுங்க. லாங்ஷிப் ஒண்ணுக்கே 100 இரும்பு ஆணி. செஞ்சு முடிச்ச பொருள் போர்ட்டல்ல போகும். கச்சா உலோகமும் கட்டியும்தான் நிக்கும். ஆணியைத் திரும்ப உருக்க முடியாதுங்கிறதால அளவோட அடிக்கணும், அவ்வளவுதான்.

இப்படிச் செஞ்சா உங்க கப்பல்ல ஏற வேண்டியது பாதிக்கும் கீழே வந்துடும்.

---

மழைக்காடன்:

அக்கா, ஆணி விஷயம் சத்தியமா தோணவே இல்லை. எங்க ஆள் ஒருத்தர் ஏற்கனவே ஃபோர்ஜ் மேம்பாட்டைப் பிரிக்க ஆரம்பிச்சுட்டார், போய் நிறுத்திட்டு வர்றேன்.

அப்புறம் மரமும் கல்லும்? மாளிகை முழுக்கப் பிரிச்சா மலை மாதிரி வரும்.

---

சுக்கான்:

விடுங்க. மரம் ஒண்ணு 2 எடை, 50 ஒரு அடுக்கு. ஒரு அடுக்கே 100. உங்க சுமை வரம்பு 300, மெகிங்யோர்ட் பெல்ட் கட்டினா 450. நாலு அடுக்கு தூக்கினதும் நின்னுடுவீங்க, இதுல கையில ஆயுதம், உடம்புல கவசம் வேற. அங்கே போய் வெட்டுற நேரத்தை விட தூக்கிட்டு நடக்கிற நேரம் அதிகம். ஃபைன் வுட் மட்டும் பிளெயின்ஸ்லயும் பிர்ச் இருக்கிற இடமாப் பார்த்து வெட்டிக்கலாம்.

---

கல்தச்சன்:

எல்லாரும் சரக்கைப் பத்தியே பேசுறீங்க, இடத்தைப் பத்தி யாரும் பேசல. பேஸ் மாத்துறதுல முக்கால்வாசி வேலை இடம் பார்க்கிறதுதான்.

பிளெயின்ஸ் நடுவுல கட்டாதீங்க. பார்லியும் ஆளியும் பிளெயின்ஸ் மண்ணுல மட்டும்தான் முளைக்கும்ங்கிறது உண்மை, ஆனா அதுக்கு வீடே அங்க இருக்கணும்னு இல்லை. மெடோஸும் பிளெயின்ஸும் ஒட்டிக்கிற எல்லை தேடுங்க. சின்ன வரைபடத்து மேல பயோம் (நிலப்பகுதி) பெயர் மாறும், அந்தப் பெயர் மாறுற கோட்டுல நின்னு ரெண்டு பக்கமும் நடந்து பாருங்க. வீடு, படுக்கை, சமையல் எல்லாம் மெடோஸ் பக்கம். வயல் மட்டும் எல்லைக்கு அந்தப் பக்கம், சில அடி அகலம் போதும். வீட்டு வாசல்லயே டெத்ஸ்கிட்டோ (பிளெயின்ஸ்ல வர்ற ராட்சதக் கொசு) பிறக்காது, துரத்திட்டு வந்தா மட்டும்தான்.

வயலைச் சுத்தி வொர்க்பெஞ்ச் போட்டு வைங்க. ஒரு வொர்க்பெஞ்சைச் சுத்தி 20 மீட்டருக்கு எதுவும் புதுசாப் பிறக்காது. சுவர் எழுப்புறதை விட இது மலிவு. சுவரும் வேணும்தான், வெளியே பிறந்தது நடந்து வருமே.

அடுத்து துறை. கடற்கரை இருந்தா போதும்னு நினைக்காதீங்க. லாங்ஷிப்புக்கு ஆழம் வேணும். கரைக்கு நெருங்கி வரைக்கும் தண்ணி கருநீலமா இருக்கிற வளைகுடாவாப் பாருங்க. ஆழமில்லாட்டி பிக்காக்ஸ்ல தோண்டலாம், ஆனா தரையை இயல்பு மட்டத்துலேர்ந்து 8 மீட்டர் வரைக்கும்தான் ஏத்தவோ இறக்கவோ முடியும். அந்த 8 மீட்டர் மேல்பக்கமும் உதவும்: ஹோ (களைக்கொத்து) வச்சு மண்ணை ஏத்திச் சுத்தி மதிலாக்கிட்டா டிரோல்ங்கிற பெரிய பூதம் கூட அதை உடைக்கிறது இல்லை. மரச் சுவரை அது அடிச்சுத் தூளாக்கும்.

உலோகம் எங்கேர்ந்து வரப்போகுதுன்னும் யோசிங்க. பழைய இரும்பைக் கொண்டு போறது ஒரு தடவை வேலை. இனிமேல் தோண்டப் போற இரும்பு எந்தச் சதுப்புலேர்ந்து வரும்? அந்தச் சதுப்புலேர்ந்து புது பேஸுக்கு நேர் கடல் வழி இருக்கணும். வரைபடத்துல வீட்டை வைக்கிறதுக்கு முன்னாடி சதுப்பையும் மலையையும் குறிச்சு வச்சுக்கிட்டு, நடுவுல துறை எங்க விழுதுன்னு பாருங்க. அழகான காட்சி இருக்குன்னு குன்று மேல கட்டினவங்க எல்லாரும் ஒவ்வொரு தடவையும் கார்ட்டை மேட்டுல இழுக்கிறாங்க.

வீட்டைப் பத்தி ஒண்ணே ஒண்ணு. பழைய மாளிகையை அப்படியே திரும்பக் கட்டாதீங்க. அது ஒட்டுப்போட்டு வளர்ந்தது. இப்போ உங்ககிட்ட இரும்பு இருக்கு, இரும்பு வச்ச தூணை நடுவுல நிறுத்தினா மேலே எவ்வளவோ உயரம் வலுவாவே போகும். வலு குறையக் குறைய ஆட்டம் நிறம் மாத்திக் காட்டும். வெறும் மரம் மூணு மாடிக்கே மஞ்சளாகி ஆரஞ்சாகிச் சிவந்துடும், சிவந்ததுக்கு மேல ஒரு பலகை வச்சா உடைஞ்சு விழும்.

---

தூண்டில்:

எதுக்கு இவ்வளவு சிரமம். 2023 ஆகஸ்ட்ல ஹில்டிர் அப்டேட்டோட உலக அமைப்பு மாத்துற வசதி வந்தாச்சே. போர்ட்டல் அமைப்பை தளர்வா வச்சா உலோகமும் போகும். சர்வரை ஒரு தடவை நிறுத்தி அமைப்பை மாத்துங்க, சரக்கு மாத்துங்க, திரும்ப பழையபடி வச்சுடுங்க. ஒரு சாயங்காலத்துல வேலை முடிஞ்சது.

---

சுக்கான்:

அப்படின்னா கப்பல் எதுக்குக் கட்டினீங்க? இந்த ஆட்டத்துல கடல் இருக்கிறதே உலோகம் போர்ட்டல்ல போகாதுங்கிறதாலதான். அதை எடுத்துட்டா கடல் வெறும் அலங்காரம்.

---

தூண்டில்:

வேலை முடிச்சுட்டு ராத்திரி கொஞ்ச நேரம் ஆட வர்றவனுக்கு அந்த அலங்காரத்தைப் பார்க்க நேரமில்லை அண்ணே. அமைப்பு கொடுத்ததே ஆட்டத்தை உருவாக்கினவங்கதான், நான் மாட் போட்டு ஏமாத்தல. ஆஷ்லாண்ட்ஸ் போனா கல் போர்ட்டல் ஒண்ணு செய்யலாம், அதுல எல்லா உலோகமும் போகுது. அப்போ அதுவும் ஏமாத்தா?

---

சுக்கான்:

அது கடைசிக் கட்டத்துல உழைச்சு வாங்குறது. ரெண்டும் ஒண்ணில்லை. ஆனா நேரம் இல்லாதவங்க மாத்திக்கட்டும், எனக்கு அதுல சண்டையில்லை. நாலு பேரும் ஒத்துக்கிட்டா மட்டும். ஒருத்தர் கடலுக்காகவே ஆடுறவரா இருந்து, மத்த மூணு பேர் அவர் இல்லாத நேரத்துல அமைப்பை மாத்தினா அந்த சர்வர் அதோட படுத்துடும். பார்த்திருக்கேன்.

---

அரைத்தூக்கம்:

இன்னொரு குறுக்குவழியும் இருக்கே. உலோகத்தைப் பையில வச்சுக்கிட்டு வெளியேறி, உங்க சொந்த உலகம் ஒண்ணுக்குள்ள போய் அங்க ஒரு செஸ்ட்ல வைக்கிறது. திரும்ப சர்வருக்கு வந்து வெறுங்கையோட போர்ட்டல் தாண்டிப் புது பேஸ்ல வெளியேறுறது. சொந்த உலகத்துல உலோகத்தை எடுத்துட்டு மறுபடி சர்வருக்குள்ள வந்தா, புது பேஸ்லயே நிப்பீங்க. கதாபாத்திரத்தோட பை உலகத்துக்கு உலகம் கூடவே வரும்ங்கிற ஓட்டை. ஆட்டம் ஆரம்பிச்ச 2021லேர்ந்து இருக்கு.

லோடிங் திரை பார்த்துப் பார்த்தே கிழவனாயிடுவீங்க, அது வேற.

---

நெய்தல்:

அந்த லோடிங் நேரத்துக்குள்ள நாலு பேர் பின்காத்துல போய்ச் சேர்ந்திடுவாங்க. அதுவும் இல்லாம ஒருத்தர் தனியா முன்னூறு எடைக்குள்ள தூக்கணும். இரும்புக் கட்டி ஒண்ணு 12 எடை. உடம்புல ஒண்ணுமே இல்லாம நின்னாலும் 25 கட்டிதான். கப்பல்ல 540. எது குறுக்குவழி?

---

வேலியோரம்:

மிருகங்களைப் பத்தி யாரும் சொல்லலியே. பழக்கின ஓநாய்க்கு உத்தரவு கொடுத்தா பின்னாடி வரும், ஆனா போர்ட்டலுக்குள்ள வராது. கடல் தாண்டணும்னா பெரிய தலைவலி. பன்றி பின்னாடியே வராது. என் யோசனை, ரெண்டையும் விட்டுடுங்க. இறைச்சியும் தோலும் போர்ட்டல்ல போகும்தானே, பண்ணை பழைய இடத்துலயே இருக்கட்டும், அப்பப்போ போய் அறுத்துட்டு வாங்க. பக்கத்துல ஆள் இருந்தாத்தான் குட்டி போடும்ங்கிறதால, போனா கொஞ்ச நேரம் அங்கேயே வேற வேலை வச்சுக்கோங்க. அங்கே எல்லையில மெடோஸ் இருந்தா புதுப் பன்றியும் கிடைக்கும். பிளெயின்ஸ்ல லாக்ஸ்ங்கிற பெரிய மிருகம் இருக்கே, பார்லி, ஆளி, கிளவுட்பெர்ரி போட்டா பழகும்.

ரெய்டு (பேஸ் மேல கும்பலா வர்ற தாக்குதல்) பத்தி ஒரு வார்த்தை. ஆட்டம் ஒரு இடத்தை பேஸ்னு எப்படிக் கண்டுபிடிக்குது? வொர்க்பெஞ்ச், படுக்கை, நெருப்பு மாதிரிப் பொருள் மூணு பக்கத்துல பக்கத்துல இருந்தா பேஸ். மூணுக்குக் கீழே இருந்தா ரெய்டு வராது. அதனால சதுப்புல, மலையில போடுற தங்குமிடத்துல போர்ட்டலும் ஒரு வொர்க்பெஞ்சும் மட்டும் போதும். படுக்கை போடணும், நெருப்பு மூட்டணும்னு ஆசைப்பட்டா அங்கேயும் டிரோல் வந்து கதவைத் தட்டும். துறையிலயும் அதே கணக்கு பாருங்க. ரெய்டுல வர்றதுங்க முதல்ல கப்பலைத்தான் உடைக்குதுங்க, எனக்கு அப்படித்தான் அமைஞ்சிருக்கு.

---

மழைக்காடன்:

உக்காந்து பேசினோம். முடிவு இதுதான்: முழுசா மாறலை, முழுசா இருக்கவும் இல்லை. மாளிகையைப் பிரிக்கப் போறதில்லை. ஃபோர்ஜ் கடைசி வரைக்கும் பழைய இடத்துலயே நிக்கும், எல்லாரோட கவசமும் உயர்த்தி, ஆணி அடிச்சு முடிச்ச பிறகு அதை மட்டும் பிரிச்சு மிச்ச உலோகத்தோட ஒரே கப்பல்ல. ஸ்மெல்ட்டர், சூளை, ராட்டை, காற்றாலை எல்லாம் போர்ட்டல் வழியா. போர்ட்டல் அமைப்பை மாத்துறதுக்கு ஒருத்தர் ஒத்துக்கல, அதனால கப்பல்தான்.

கல்தச்சன் சொன்ன மாதிரி எல்லை தேடினோம். ஒண்ணு கிடைச்சது, மெடோஸ் நாக்கு மாதிரி நீண்டு கடலைத் தொடுது, ஒரு பக்கம் பிளெயின்ஸ். எதிர்க்கரையில சதுப்பு. துறைக்கு ஆழம் இருக்கு. ஆனா கொஞ்சம் தள்ளி ஃபுலிங் (பிளெயின்ஸ்ல வாழுற எதிரிக் கூட்டம்) கிராமம் தெரியுது. விட்டுட்டு வேற இடம் தேடலாமா?

---

கல்தச்சன்:

ஐயோ, அதுதான் வேணும். பார்லிக்கும் ஆளிக்கும் முதல் விதை எங்கேர்ந்து எடுக்கப் போறீங்க? கிராமத்து வயல்லேர்ந்துதான். வீடு கட்டுறதுக்கு முன்னாடி நாலு பேரும் சேர்ந்து அதைக் காலி பண்ணுங்க. கறுப்பு உலோகமும் அங்கேயே விழும். விளைஞ்சதைத் தின்னாம முதல்ல மறுபடி நடுங்க, ஒண்ணு போட்டா ரெண்டு வரும்.

---

மழைக்காடன்:

சரி. பழைய பேஸை ஆள் இல்லாம விட்டா மழையில அழுகிடாதா? ஏதாவது வந்து உடைச்சுடாதா?

---

வேலியோரம்:

பக்கத்துல யாரும் இல்லாதப்போ அந்தப் பகுதியே இயங்காது, எதுவும் வந்து உடைக்காது. மழை படுற மரம் பாதி வலு வரைக்கும்தான் இறங்கும், மழையால மட்டும் விழுந்துடாது. கூரை இருக்கிற இடம் அதுவும் ஆகாது. பயமில்லாம விடுங்க.

---

நெய்தல்:

விட்டுட்டுப் போறதுல இன்னொரு லாபமும் இருக்கு. புது இடத்துல சின்னதாக் கட்டினீங்கன்னா ஆட்டம் ஓட்டமா ஓடும். எஃப்2 தட்டினா இன்ஸ்டன்ஸ் (சுத்தி ஆட்டம் ஏத்தி வச்சிருக்கிற பொருள்) எண்ணிக்கை தெரியும், மாளிகைக்குள்ள நின்னு ஒரு தடவை, வெறும் கடற்கரையில நின்னு ஒரு தடவை பாருங்க. ஃபிரேம் ஏன் குறையுதுன்னு புரியும். நாலு பேர் கணினியில யாரோடது பழசோ அவருக்குத் தோதா கட்டுங்க.

போர்ட்டல் பெயரை இப்பவே ஒழுங்கு பண்ணிடுங்க. ஒரே பெயர்ல ரெண்டு மட்டும்தான் இணையும், மூணாவது இருந்தா தனியா நிக்கும். பழைய இடத்துல ஒரு கூடம் மாதிரி போர்ட்டல் வரிசை வச்சிருந்தா, அந்த வரிசையையே பிரிச்சு புது பேஸ்ல நடுங்க, பெயரை அப்படியே வைங்க. எதிர்முனையில ஒண்ணையும் தொட வேண்டாம். பழைய மாளிகைக்கு மட்டும் புதுசா ஒரு ஜோடி.

---

அரைத்தூக்கம்:

ஆக, ரெண்டு பேஸ். நான் மேலேயே சொன்னேன்.

---

சுக்கான்:

மழைக்காடன், கிளம்புறதுக்கு முன்னாடி கார்டோகிராஃபி டேபிள்ல நாலு பேரும் வரைபடத்தைப் பதிஞ்சு எடுத்துக்கோங்க. துறைக்கும் எதிர்க்கரை சதுப்புக்கும் நடுவுல பாறை இருந்தா குறி போட்டு வைங்க. ராத்திரி மூடுபனியில சரக்கோட திரும்பும்போது அது கண்ணுக்குத் தெரியாது. மோடர் சக்தி எடுக்கிற வரிசையையும் கப்பல்ல ஏறுறதுக்கு முன்னாடியே பேசி வைங்க, இல்லாட்டி நாலு பேரும் ஒரே நேரத்துல அழுத்திட்டு நடுக்கடல்ல எதிர்க்காத்துல நிப்பீங்க.